தொடக்கப் பள்ளியில் சித்திரப் பாடம்

நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் சித்திரத்துக்கென்று ஒதுக்கப்பெறும் நேரம் வாரத்தில் ஒரு பாட வேளையோ இரண்டு பாட வேளையோதான். அதுவும் பெரும்பாலும் பிற்பகலின் கடைசிப் பகுதியாக அமைந்துவிடும். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழத்தை வரைகின்றார். அதற்கு ஒரு காம்பும் இரண்டு இலைகளும் சேர்க்கின்றார். நாற்பது குழந்தைகள் நாற்பது மாம்பழங்களை வரைகின்றனர். கரும்பலகை மாம்பழத்தை ஒத்திருப்பதற்கு மதிப்பெண் மிகுதி, ஒவ்வாததற்குக் குறைவு. அடுத்த வாரம் தேசியக் கொடி. அதற்கடுத்த வாரம் தாமரை. கணக்குப் பாடம் முடிவுறாத வாரங்களில் அந்த மாம்பழமும் இல்லை.

இவ்வாறு ஐந்தாண்டுகள் பயின்ற ஒரு குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்து, விருப்பம் போல் வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலைகள். அவற்றின் இடையே கதிர் விரிக்கும் அரைச் சூரியன். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. வானத்தில் நான்கைந்து பறவைகள். கங்கைச் சமவெளியில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடென்பதே இல்லாத ஊரில் பிறந்த குழந்தையும் இதையே வரைகின்றது. ஆற்றையும் தென்னையையும் கண்டிராத பாலைவனத்துக் குழந்தையும், மும்பையில் பத்தாவது மாடியில் வளரும் குழந்தையும் இதையே வரைகின்றனர். தான் நாள்தோறும் நடந்து செல்லும் தெருவை, தன் வீட்டுக் கன்றுக்குட்டியை, தந்தை ஓட்டும் வண்டியை அக்குழந்தை வரைவதில்லை. வரையத் தகுந்த பொருள்கள் வேறெங்கோ இருக்கின்றன என்று நாமே அதற்குக் கற்பித்துவிட்டோம்.

இங்கே ஏற்படும் இழப்பு சித்திரத்தோடு நின்றுவிடுவதாயின் அதைப் பற்றி நான் இவ்வளவு கவலையோடு பேச மாட்டேன். எல்லாக் குழந்தைகளும் ஓவியர் ஆக வேண்டியதில்லை, ஆகவும் மாட்டார்கள். ஆனால் தன் கண் கண்டதை நம்புவதற்கும், பிறர் வரைந்ததை மட்டுமே நம்புவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. நான்கு வயதில் சுவரென்றும் தரையென்றும் பாராமல் கோடுகளை இழுத்துத் தள்ளிய அதே குழந்தை, பத்து வயதில், “எனக்கு வரைய வராது” என்று கையைக் கட்டிக்கொள்கின்றது. இடையிலுள்ள ஆறு ஆண்டுகளில் என்ன நிகழ்ந்தது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

குழந்தையின் கை எவ்வாறு வளர்கின்றது என்பதை அறிஞர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கூர்ந்து நோக்கி வந்திருக்கின்றனர். முதலில் வெறும் கிறுக்கல். கை அசைவதில் உள்ள இன்பமே அதற்குக் காரணம். பிறகு கோடு சுழன்று வட்டமாகின்றது, வட்டம் மூடுகின்றது. மூடிய வட்டத்துக்குள் இரண்டு புள்ளிகளை வைத்ததும் அது முகம். அம்முகத்திலிருந்தே நேராக இரண்டு கால்கள் இறங்குகின்றன. உடல் என்பதே இல்லை. உலகில் எம்மொழி பேசும் குழந்தையாயினும் ஏறத்தாழ இத்தகைய மனித உருவைத்தான் முதலில் வரைகின்றது. ஆறு, ஏழு வயதில் தாளின் அடியில் ஒரு கோடு தோன்றுகின்றது. அதுதான் நிலம். வீடும் மரமும் மனிதரும் அதன் மேல் வரிசையாக நிற்பர். இவ்வளர்ச்சிப் படிகளை விக்டர் லோவன்ஃபெல்டு என்ற அறிஞர் 1947-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக வகுத்துக் காட்டினார். அவர் கூறும் வயதுக் கணக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆயினும் ஓர் ஆசிரியருக்கு அது நல்ல வழித்துணை.

ஏழு வயதுக் குழந்தை ஒரு பேருந்தை வரைகின்றது என்று வைத்துக்கொள்வோம். பேருந்தின் பக்கத் தகடு இருக்கவேண்டிய இடத்தில், உள்ளே அமர்ந்திருப்போர் கால்விரல் வரை முழுமையாகத் தெரிகின்றனர். நான்கு சக்கரங்களும் தெரிகின்றன. ஓட்டுநர் பேருந்தில் பாதியளவு பெரியவர். சன்னலோரம் அமர்ந்த பாட்டி அவரினும் பெரியவள். இதைக் கண்ட ஆசிரியர் சிவப்பு மையால் இரண்டு சக்கரங்களை அடித்துவிடுகின்றார். தகட்டுக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாதே என்று கேட்கின்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் குழந்தை, தான் ஓரிடத்தில் நின்று கண்டதை வரையவில்லை. பேருந்தைப் பற்றித் தான் அறிந்ததை வரைந்தது. பேருந்துக்கு நான்கு சக்கரங்கள் உண்டென்பதும், பாட்டி உள்ளே இருக்கிறாள் என்பதும் அதற்குத் தெரியும். ஜார்ஜ் ஆன்றி லூக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் 1927-இல் வெளியிட்ட குழந்தைச் சித்திரம் பற்றிய நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தார். கண் காண்பது ஒரு மெய்; அறிவு காண்பது இன்னொரு மெய்.

அறிவு காண்பதை வரைவது குழந்தைகளுக்கு மட்டுமே உரிய குறைபாடு என்று எண்ணிவிட வேண்டா. நம் இராஜபுத்திர ஓவியங்களை நோக்குங்கள். தாமரைக் குளம் மேலிருந்து நோக்கியது போல் முழுமையாக விரிந்திருக்கும். அதன் கரையிலுள்ள மரங்களும் மாடமும் எதிரே நின்று நோக்கியவாறு இருக்கும். எகிப்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் நெபமூன் என்பவரின் கல்லறைச் சுவரில் தீட்டிய தோட்டத்துக் குளமும் இத்தகையதே. நம் கோயிற் சிற்பங்களில் இறைவன் பெரிய உருவமாகவும், அருகில் நிற்கும் அடியார் சிறிய உருவமாகவும் இருப்பதை யார் பிழையென்று திருத்தினர்? பேருந்தில் பாட்டி பெரியவளாக இருப்பதற்கும் அதுவே காரணம். அக்குழந்தைக்கு அவள் பெரியவள்.

அப்படியாயின் மாம்பழ முறை நமக்கு எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆங்கிலேயர் காலத்தில் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களில் கலைப் பள்ளிகள் தோன்றின. சென்னைப் பள்ளியை 1850-இல் அலெக்சாண்டர் அண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். கைத்தொழிலுக்கும் அலுவலகங்களுக்கும் வேண்டிய திருத்தமான கோட்டு வரைவாளரை உருவாக்குவது இப்பள்ளிகளின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அந்நோக்கத்துக்கு அச்சிட்ட மாதிரியைப் பார்த்து அப்படியே படியெடுக்கும் பயிற்சி பொருத்தமானதே. வளர்ந்தவருக்கு, ஒரு தொழிலுக்காக வகுத்த அப்பயிற்சி, சித்திரத் தேர்வுகள் வழியாகவும் சித்திர ஆசிரியர்கள் வழியாகவும் கீழிறங்கி, கடைசியில் ஆறு வயதுக் குழந்தையின் சிலேட்டுக்கு வந்து சேர்ந்தது. காரணம் மறைந்தது, வழக்கம் மட்டும் எஞ்சியது.

இதற்கு மாறான முயற்சிகளும் இருந்தன. வியன்னா நகரில் பிரான்சு சிசெக் என்பவர் 1897-இல் குழந்தைகளுக்கென ஒரு சித்திர வகுப்பைத் திறந்து, மாதிரிகளை அகற்றி, அவர்கள் உள்ளத்திலிருந்தே வரையச் செய்தார். நம் நாட்டில், பள்ளிக்கூடம் என்ற பெயரைக் கேட்டாலே கசப்புற்றிருந்த ரவீந்திரநாத தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் ஒரு பள்ளியை நிறுவினார். 1919-இல் அங்கே கலாபவனம் தோன்றியது. அதன் தலைவராக நெடுங்காலம் விளங்கிய நந்தலால் போஸ், தாகூர் குழந்தைகளுக்காக எழுதி 1930-இல் வெளிவந்த சகஜ பாடம் என்னும் அரிச்சுவடிக்குப் படங்கள் அமைத்துக் கொடுத்தார். நாட்டின் முதன்மையான ஓவியர் ஒருவர் அரிச்சுவடிக்குப் படம் வரைவதைத் தம் தகுதிக்குக் குறைந்ததாக எண்ணவில்லை என்பது கருதத்தக்கது.

1937-இல் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டின் பயனாக, சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு ஆதாரக் கல்விக்கு ஏழாண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. அதில் நூற்பும் நெசவும் மட்டுமே இருந்தன என்று பலர் எண்ணுகின்றனர். சித்திரமும் இசையும் அதில் இடம்பெற்றிருந்தன. சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவி பிரசாத் 1944-இல் சேவாகிராமத்துக்கு வந்து, அங்குள்ள பள்ளியில் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் குழந்தைகளுக்குக் கலை கற்பித்தார். அவ்வனுபவத்தைப் பின்னர் நூலாகவும் எழுதினார். கலை கல்விக்கு ஓர் அணிகலன் அன்று, அடிப்படையே அதுதான் என்பது அவர் கொள்கை. ஏழைச் சிற்றூர் ஒன்றில், பணத்துக்கு வழியில்லாத ஒரு பள்ளியில் இது நடைபெற்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். “எங்கள் பள்ளியில் வசதி இல்லை” என்று கூறுவோருக்கு இதனினும் நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

இனி ஓர் ஐயம். மாதிரியும் வேண்டா, திருத்தமும் வேண்டா என்றால் ஆசிரியருக்கு வேலையே இல்லையா? தாளைக் கொடுத்துவிட்டு அவர் நாளிதழ் படிக்கலாமா? விடுதலை என்ற பெயரால் அப்படியும் சில வகுப்புகள் நடக்கின்றன. அங்கே குழந்தை வரைவது என்ன? அதே இரண்டு மலைகள், அதே சூரியன். வெறுந்தாள் ஒரு குழந்தைக்கு விடுதலை அளிப்பதில்லை; அது அச்சத்தையே அளிக்கின்றது. அச்சமுற்ற கை மனப்பாடமாக உள்ளதைத்தான் தேடிப் பிடிக்கும்.

ஆசிரியரின் வேலை வரைவதற்கு முன்பே தொடங்குகின்றது. ‘மழை பெய்யும்போது பள்ளி விடும் நேரம்’ என்று ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். உடனே வரையச் சொல்லிவிடலாகாது. முதலில் ஐந்து நிமிடம் பேச்சு. நேற்று மழையில் யார் யார் நனைந்தீர்கள்? குடை யாரிடம் இருந்தது? ஒரு குடைக்குள் எத்தனை பேர் நுழைந்தீர்கள்? புத்தகப் பையை எங்கே மறைத்தீர்கள்? சாலையில் தேங்கிய நீர் என்ன நிறம்? ஆட்டுக்குட்டி எங்கே ஒதுங்கி நின்றது? வினாக்கள் எழ எழ, குழந்தைகளின் கண்ணில் காட்சி நிறைகின்றது. இங்கிலாந்தில் மேரியன் ரிச்சர்ட்சன் என்ற ஆசிரியை தம் மாணவியரைக் கண்ணை மூடச் செய்து, ஒரு காட்சியைச் சொற்களால் விரித்துக் கூறிய பிறகே தூரிகையை எடுக்கச் சொல்வாராம். அந்த வழியை நம் வகுப்பிலும் கையாளலாம். கண்ணைத் திறந்த பின் நாற்பது குழந்தைகளும் நாற்பது மழைகளை வரைவார்கள். ஒருவன் மழையைச் சாய்ந்த கோடுகளாகப் போடுவான். ஒருத்தி ஒவ்வொரு துளியையும் தனித்தனியே வட்டமிடுவாள். மற்றொருவன் குடையின் கீழே மட்டும் மழையே இல்லாமல் வெள்ளையாக விட்டுவிடுவான்.

அவர்கள் வரையும்போது ஆசிரியர் வகுப்பில் நடந்து வரவேண்டும். ஆனால் எவர் தாளிலும் தம் கையால் ஒரு கோடும் இடலாகாது. இவ்விதியில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆசிரியர் அழகாகப் போட்டுக் கொடுத்த ஒரு மூக்கு, அத்தாளிலுள்ள மற்ற எல்லாவற்றையும் அந்தக் குழந்தையின் கண்ணுக்கே அழகற்றதாக ஆக்கிவிடும். “நன்று, நன்று” என்று எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே செல்வதும் பயன் தராது. அது பொய் என்பதைக் குழந்தைகள் இரண்டே வாரத்தில் கண்டுகொள்வார்கள். “இந்தக் குடையைப் பிடித்திருப்பது யார்?” என்று கேட்கலாம். “இவன் ஏன் தனியே நிற்கிறான்?” என்று கேட்கலாம். அதற்கு விடை கூறும்போதே குழந்தைக்குத் தன் படத்தில் இன்னும் என்ன வேண்டும் என்பது தோன்றிவிடும்.

ரப்பரையும் அடிக்கோலையும் சித்திர நேரத்தில் பைக்குள்ளேயே வைத்துவிடச் சொல்வது நல்லது. ரப்பர் கையில் உள்ள குழந்தை வரைவதைவிட அழிப்பதே மிகுதி. தாள் கிழிந்தபின் அழுகை. கடைகளில் விற்கும், அச்சிட்ட வெளிக்கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் புத்தகங்களைப் பற்றியும் பெற்றோர் என்னைக் கேட்பதுண்டு. குழந்தையை அரைமணி நேரம் ஓரிடத்தில் அமர்த்திவைக்க அவை உதவும். அதற்கு மேல் அவற்றால் பயன் இல்லை.

ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறுகின்றது. இதை உணராமையால்தான் விடுதலை முறையை மேற்கொண்ட பள்ளிகளும் பல சமயம் தோல்வியுறுகின்றன. அவ்வயதில் குழந்தைக்கே தன் படத்தில் மனநிறைவு போய்விடுகின்றது. ஓடும் மாடு ஓடுவது போல் இல்லை என்று அதற்கே தெரிகின்றது. கண் வளர்ந்துவிட்டது; கை பின்தங்கிவிட்டது. இங்கேதான் “எனக்கு வரைய வராது” என்ற சொல் பிறக்கின்றது. இப்பொழுது கேட்கும் உதவியை மறுத்து, “உன் மனம் போல் வரை” என்று சொல்வது பசித்தவனுக்கு உபதேசம் செய்வதாகும். இவ்வயதில் பார்க்கக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஓர் இலையைப் பறித்து வரட்டும்; ஒரே மரத்தின் இலையாக இருக்கட்டும். நரம்புகள் நடு நரம்பிலிருந்து எதிரெதிரே பிரிகின்றனவா, மாறி மாறிப் பிரிகின்றனவா? ஓரம் பல்லுடையதா? பூச்சி தின்ற துளை எங்கே? தாளை நோக்காமல் இலையையே நோக்கிக்கொண்டு, எறும்பு ஊர்வது போல் மெதுவாக ஓரத்தை வரையட்டும். கோடு கோணலாகத்தான் வரும். ஆனால் அது அந்த இலையின் கோணல். நாற்பது தாள்களையும் இலைகளையும் கலந்து வைத்து, எந்தப் படம் எந்த இலைக்கு உரியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை மாம்பழத்தால் இதைச் செய்ய இயலுமா?

தாளும் வண்ணமும் எங்கே என்று கேட்பார்கள். சிலேட்டும் பலப்பமும் போதா, படம் அழிந்துவிடும். பழைய நாளிதழ் நல்ல தாள். அச்செழுத்தின் மேல் தடித்த வண்ணம் தெளிவாகத் தெரியும். காவிக்கல்லை அரைத்தால் செம்பழுப்பு, மஞ்சட்பொடி மஞ்சள், மஞ்சளோடு சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. சுண்ணாம்பை ஆசிரியரே கலந்து கொடுக்கட்டும். குழந்தை கையில் தர வேண்டா. விளக்குப் புகையிலிருந்து கருமை. அரிசி மாவிலிருந்து வெண்மை. சிறிது வேலம்பிசினைக் கரைத்துச் சேர்த்தால் வண்ணம் உதிராது. மகாராட்டிரத்து வார்லிப் பழங்குடி மக்கள் மூங்கிற் குச்சியின் நுனியை மென்று நாராக்கித் தூரிகை செய்து, அரிசி மாவால் மண் சுவரில் வரைந்து வந்தனர். 1938-இல் அரிபுராக் காங்கிரசு மாநாட்டுக்கு நந்தலால் போஸ் தீட்டிய புகழ்பெற்ற படங்களும் கையாற் செய்த தாளில், மண் வண்ணங்களால் ஆனவையே.

வார்லி என்றதும் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். இரண்டு முக்கோணங்களை முனையோடு முனை சேர்த்து மனித உடலாக்கும் அம்மக்களின் முறை இன்று பள்ளிதோறும் பரவியிருக்கின்றது. நாட்டுக் கலையைக் குழந்தைகள் அறிவது நன்றே. ஆனால் ஆசிரியர் கரும்பலகையில் முக்கோண மனிதனைப் போட, நாற்பது பேர் நாற்பது முக்கோண மனிதர்களைப் போடுவதாயின், மாம்பழம் உடை மாற்றி வந்திருக்கின்றது, வேறொன்றும் இல்லை. ஊரிலேயே கோலம் இடும் ஒரு பாட்டியையோ, சுவரில் வரையும் பெண்மணியையோ, மண்பாண்டம் வனையும் குயவரையோ வகுப்புக்கு அழைத்து, அவர் வேலை செய்வதைப் பார்க்கச் செய்வது இதனினும் சிறந்தது. கை எவ்வளவு விரைவாகச் செல்கின்றது, எங்கே தயங்குகின்றது என்பதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

போட்டிகளைப் பற்றி என் கருத்து சிலருக்கு உவப்பாக இராது. கேலிச் சித்திரக்காரர் சங்கர் 1949-இல் தொடங்கிய குழந்தைகள் போட்டி, அடுத்த ஆண்டிலேயே உலக நாடுகளுக்கெல்லாம் விரிந்து, குழந்தைச் சித்திரத்துக்கு நாட்டில் ஒரு மதிப்பைப் பெற்றுத் தந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வகுப்புக்குள்ளே, ஏழு வயதில், முதற்பரிசு இரண்டாம் பரிசு என்று பிரிப்பதால் ஒரு குழந்தை மகிழ்கின்றது. முப்பத்தொன்பது குழந்தைகள் பரிசு பெற்ற படத்தைப் பார்த்துப் படியெடுக்கத் தொடங்குகின்றனர். சித்திரத்துக்கு மதிப்பெண் இடுவதிலும் இதே தீங்கு உண்டு. மதிப்பெண்ணுக்குப் பதில், ஒவ்வொரு குழந்தையின் படத்திலும் தேதி குறித்து ஓர் உறையில் சேர்த்து வைக்கலாம். ஆண்டு முடிவில் ஆனி மாதத்து மனிதனையும் பங்குனி மாதத்து மனிதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெற்றோருக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சட்டமும் திட்டமும் என்ன சொல்கின்றன? 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்தையொட்டிய கருத்துரை, பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாய பாடமாக்கப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கலைக்கும் அறிவியலுக்கும் இடையே கடுமையான பிரிவு கூடாது என்கின்றது. பிற பாடங்களைக் கலையோடு இணைத்துக் கற்பிக்கவும் சொல்கின்றது. நல்லதே. ஆனால் செம்பருத்திப் பூவின் பாகங்களை வரைந்து பெயரிடுவதோடு கலை வேலை முடிந்தது என்று கணக்கு எழுதிவிடும் அபாயம் இதில் உண்டு. அது அறிவியலுக்குச் செய்யும் தொண்டு. குழந்தையின் மழைக்கு அது ஈடாகாது. மேலும், 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேற்பட்டால் கலைக்கெனப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கின்றது. முதல் ஐந்து வகுப்புகளுக்கு அவ்வாறு யாரையும் குறிப்பிடவில்லை. ஆகவே, கை மிகத் தாராளமாக இயங்கும் அவ்வயதில், கணக்கும் மொழியும் கற்பிக்கும் வகுப்பாசிரியரேதான் சித்திரத்துக்கும் பொறுப்பு. தமக்கு வரையத் தெரியாது என்று அவர் தயங்க வேண்டியதில்லை. நான் இதுவரை கூறியவற்றுள் ஆசிரியர் வரைய வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள்.

கடைசியாக, படங்களை மாட்டும் இடம் பற்றி ஒரு சொல். பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையில், பெரியவர் கண்ணுக்கு நேராக, சிறந்தவை என்று தேர்ந்த ஐந்தாறு படங்கள் சட்டமிட்டுத் தொங்குகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் வரைந்தவர்கள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். வகுப்பறைச் சுவரில் இரண்டு ஆணிகள் அடித்து, ஒரு கயிறு கட்டினால் போதும். கயிறு தரையிலிருந்து மூன்றடி, மூன்றரை அடி உயரத்தில், குழந்தையின் கண்மட்டத்தில் இருக்கட்டும். வகுப்பில் உள்ள அத்தனை பேரின் படங்களும் அதில் ஏறட்டும். இடம் போதாவிட்டால் இவ்வாரம் இருபது பேர், அடுத்த வாரம் இருபது பேர். சுவரில் ஆணி அடிக்க மேலிடத்து அனுமதி வேண்டுமென்றால், சன்னல் கம்பியிலேயே கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம்.